கடைசியாகக் கரையேறுபவருக்கு முதல் தட்டு

அன்று காலை வண்டி வரவில்லை. பாய், தட்டு, மாற்றுப்புடவை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு நாங்கள் தெருமுனை அடிபம்புக்குப் பக்கத்தில் நின்றோம். நாகூர்ப் பக்கம் கடைமடையில் சம்பா நடவு, நாலைந்து நாள் தங்கல். கலியமூர்த்தி அண்ணன் நேரம் தவறுகிறவர் இல்லை. கிழக்கே வெளுக்கிறபோதே அவருடைய குட்டி யானை வண்டி முக்குத் திரும்பும், ஆரன் இரண்டு தரம் குட்டையாக அடிக்கும். அன்றைக்கு வெயில் ஏறியும் சத்தம் இல்லை. "டயர் பஞ்சராயிருக்கும்" என்றாள் ஒருத்தி. "ஆளே பஞ்சராயிருப்பாரு. நேத்து ஒண்டியா விறகு மூட்டையை ஏத்தினாருல்ல" என்றாள் சரசு. நாங்கள் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் என் போன் அடித்தது. அண்ணனுடைய மகள் கவிதா. "அத்தை... அப்பா இல்ல அத்தை" என்றாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அடங்கிவிட்டார். சரசு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். மூட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினோம்.

பதினாறாம் நாள் கவிதா என்னிடம், "அடுத்த மாசம் படத்திறப்பு வைக்கிறோம், நீங்களும் நாலு வார்த்தை பேசணும் அத்தை" என்றாள். மைக்கைப் பிடித்தால் எனக்கு அழுகைதான் வரும். படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்றேன். அவரை டிரைவர் கலியமூர்த்தி என்று தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர் என்று தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். வயல் கரையில் அடுப்பு மூட்டிய அண்ணனைத் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அதனால் அந்த அண்ணனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் நடவு செட்டில் பன்னிரண்டு பெண்கள். நடவு மிஷின் வந்த பிறகு மேட்டு வயலை எல்லாம் அதுவே நட்டுவிடுகிறது. மிஷின் இறங்கினால் புதைந்துபோகிற பள்ள வயலுக்குத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அப்படி வயல் ஒரே ஊரில் இருக்காது. எனவே ஆற்றுத் தண்ணீர் போகிற வழியே நாங்களும் போவோம். முதலில் எங்கள் திருப்பனந்தாள் பக்கம், அப்புறம் கூத்தாநல்லூர்ப் பக்கம், தண்ணீர் கடைசியாக எட்டுகிற நாகூர்ப் பக்கம் கடைசியில். போன இடத்தில் மோட்டார் கொட்டகையோ நெல் களமோ, அண்ணன் வண்டித் தார்ப்பாயைக் கட்டிவிட்டால் அதுதான் எங்கள் வீடு. முன்னெல்லாம் பகலுக்குக் காலையிலேயே கிளறிக் கட்டிய புளிச்சோறு. பொழுது சாய்ந்து கரையேறிய பிறகு, சேற்றுப்புண் எரிகிற கையோடு அடுப்பு மூட்டுவோம். பாதிப் பேர் சோறு வேகிறதற்குள் தூங்கிவிடுவார்கள்.

அவர் முதல் தரம் சமைத்தது ஒரு மழை நாளில். கடல் பக்கத்திலிருந்து காற்றோடு வந்த மழை. கட்டிக்கொண்டு போன சோற்றுத் தூக்குகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. விறகு நனைந்துவிட்டது. நாங்கள் வண்டிக்குள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தோம். அண்ணன் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு உரச்சாக்கை எடுத்தார். அதற்குள் காய்ந்த தென்னம் பன்னாடையும் கொட்டாங்கச்சியும் இருந்தன. எங்கள் பக்கத்து மண்ணில் தேடினாலும் கல் கிடைக்காது, எல்லாம் களிமண். அதனால் வீட்டிலிருந்தே நாலு செங்கல்லும் கொண்டுவந்திருந்தார். தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிக் கட்டி அதன் கீழே அடுப்பு வைத்தார். ஒரே சட்டியில் அரிசி, துவரம்பருப்பு, தக்காளி, பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சள்தூள், உப்பு. வரப்பிலிருந்து ஒரு கை பொன்னாங்கண்ணியைப் பறித்து மழைத் தண்ணீரிலேயே அலசி மேலே போட்டார். வேறு ஒன்றும் இல்லை. குழைய வெந்ததும் சட்டிக்குக் கீழே எரிந்ததை இழுத்துவிட்டுத் தணலில் விட்டார்.

"அண்ணே, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று சரசு வாயைப் பிளந்தாள்.

"வீட்டுல தெரியாது. வெளியில தெரியும்."

அந்தச் சோறு தொண்டையில் இறங்கும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவியது இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றையிலிருந்து சமையல் அவர் கையில் போனது. நாங்களாகக் கேட்கவில்லை. "தண்ணியில நிக்கிற ஆளுக்குச் சோறு சூடா இருக்கணும். நான் சும்மாதானே வண்டியில படுத்துக் கெடக்கேன்" என்று அவராகவே சொன்னார்.

அவர் செய்தது எல்லாம் சுலபமான சாப்பாடுதான். ஆனால் எங்களில் ஒருத்திக்கும் தோன்றாத சுலபம். கத்திரிக்காயையும் தக்காளியையும் தணலுக்குள் தள்ளிவிடுவார். தோல் கருகியதும் உரித்து, சுட்ட மிளகாயும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து டம்ளர் அடியால் நசுக்கினால் சோற்றுக்கு அது போதும். கருவாட்டை ஈரப் பூவரச இலையில் சுற்றிச் சாம்பலில் புதைப்பார். நடும்போது காலில் தட்டுப்படுகிற வயல் நண்டை நாங்கள் பிடித்துத் தகர டப்பாவில் போடுவோம். அதைக் கழுவி, மிளகு சீரகத்தோடு ஜாக்கிக் கம்பியால் இடித்து, துணியில் வடிகட்டி, புளித்தண்ணீர் விட்டு ரசம் வைப்பார். நுரை கூடியதும் இறக்கிவிடுவார். "ஜாக்கியை வச்சு வண்டியைத் தூக்குவாங்க, நீங்க எங்களைத் தூக்குறீங்கண்ணே" என்று நாங்கள் கேலி செய்வோம். வாத்து மேய்ப்பவர்கள் பக்கத்து வயலில் பட்டி போட்டிருந்தால் அவர்களிடம் முட்டை வாங்குவார். முட்டையின் தலையில் முள்ளால் ஒரு ஓட்டை போட்டுத்தான் சாம்பலில் வைப்பார். ஓட்டை போடாமல் வைத்து ஒரு நாள் சரசு வெடிக்க வைத்தாள். மஞ்சள் கரு அவள் மூக்குத்தியில் தொங்கியது.

அவருடைய ரொட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கோதுமை மாவில் உப்புப் போட்டுப் பிசைந்து கனமாகத் தட்டுவார். தணலை ஒதுக்கிவிட்டு, அதன் கீழே சுட்டுக்கிடக்கிற தரையிலேயே அந்த மாவைப் போட்டு, மேலே சாம்பலையும் தணலையும் மூடிவிடுவார். முதல் தரம் அதைப் பார்த்தபோது சரசு, "என்னண்ணே, ரொட்டிக்குக் கொள்ளி வைக்கிறீங்க?" என்றாள். கொஞ்ச நேரம் பொறுத்துக் கம்பால் கிளறி எடுத்து, துண்டால் படார் படார் என்று அடித்தார். சாம்பல் பறந்தது. உடைத்தால் உள்ளே ஆவி வந்தது. வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தின்றோம், பல்லில் ஒரு மணல்கூட நறநறக்கவில்லை. சவூதியில் ஆடு மேய்த்தபோது பழகியது என்றார். "நெருப்பைப் பார்த்துச் சமைக்கிறவன் அவசரக்காரன். தணலைப் பார்த்துச் சமைக்கிறவன்தான் சாப்பிடுவான்" என்று அடிக்கடி சொல்வார்.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தக் கதை. அண்ணன் யார் என்பது எனக்குத் தெரிந்தது அதில்தான்.

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். குனிந்து வேலை செய்யாதே என்று டாக்டர் சொன்னார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. பையன் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். உடம்பு ஆறுவதற்கு முன்பே செட்டோடு கிளம்பிவிட்டேன். நடவு என்றால் ஒவ்வொருத்தியும் ஒரு பங்கு பிடித்துக்கொண்டு, குனிந்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்து கரையேற வேண்டும். எல்லோரும் கரையேறிய பிறகும் நான் பாதி வயலில் நிற்பேன். அடிவயிறு இழுக்கும். நிமிர்ந்தால் தலை சுற்றும். நாங்கள் ஏக்கர் கணக்கில் பேசி வேலை எடுக்கிறவர்கள். ஒருத்தி பின்தங்கினால் எல்லோருக்கும் நாள் இழுக்கும்.

கூத்தாநல்லூர்ப் பக்கம் தங்கியிருந்தபோது ஒரு சாயங்காலம் நான் வண்டிக்குள் சுருண்டு படுத்திருந்தேன். வெளியே சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சரசு இன்னொருத்தியிடம் பேசியது கேட்டது.

"அடுத்த தங்கலுக்கு அஞ்சலைய விட்டுட்டுப் போவோம். ஒடம்பு தேறட்டும், அப்புறம் பாப்போம்."

"பாவம்டி. புள்ளய வச்சிருக்கா."

"பாவந்தான், நான் இல்லைங்கல. அவ பங்கையும் நாமதான் இழுக்கணும். பாவம் பார்த்தா வயிறு ரொம்புமா?"

சரசு கெட்டவள் இல்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. ஒரு தங்கலுக்கு விட்டுவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும், அப்புறம் திரும்ப நுழைய முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அண்ணன் அந்தப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் வழக்கம்போல் கரையேறினார்கள். சோற்றுச் சட்டி மூடி இருந்தது. மூடியின் மேல் ஒரு செங்கல் வேறு. நான் வயலில் குனிந்துகொண்டிருந்தேன், பேச்சு மட்டும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"அண்ணே, சட்டியைத் திறங்க."

"கடைசி ஆளு கரையேறட்டும்."

"அவ ஏறுறதுக்குப் பொழுது சாஞ்சிடும்."

"சாயட்டும். சோறு தணல்லதானே இருக்கு."

"எங்க வயிறுந்தான் தணல்ல இருக்கு! இது என்ன புதுச் சட்டம்?"

"பாலைவனத்துச் சட்டம்மா. அங்க ஆடு மேய்க்கிறவங்க எல்லாரும் வந்து சேர்ந்தப்புறந்தான் சட்டியைத் திறப்பாங்க. கடைசியா வர்றவன்தான் ரொம்ப தூரம் நடந்து வந்தவன். அவனுக்குத்தான் முதல் தட்டு."

"இங்க என்ன பாலைவனமா? முழங்கால் தண்ணி கெடக்கு" என்று சரசு கத்தினாள். பக்கத்தில் நண்டு ரசம் வேறு வாசனை அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அவசர அவசரமாக நட்டேன். இன்றைக்கே என்னை அனுப்பிவிடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது தொபுக் தொபுக் என்று தண்ணீரில் சத்தம் கேட்டது. குனிந்திருந்த என் தலைக்குப் பக்கத்தில் இரண்டு கால் வந்து நின்றது. சரசு. கட்டிப்போட்ட ஒரு நாற்று முடியைப் பிரித்து என் பங்கில் பாதியைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்காக இல்லடி. என் வயித்துக்காக" என்றாள்.

அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். என் பங்கு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கரையேறியதும் அண்ணன் செங்கல்லை எடுத்தார், மூடியைத் திறந்தார், முதல் தட்டை என் கையில் கொடுத்தார். அப்புறம் ஒவ்வொருத்திக்கும் போட்டார். கடைசியில் அதே சட்டியை வழித்து அவர் சாப்பிட்டு, நாங்கள் கழுவிய அதே வாய்க்காலில் தட்டைக் கழுவினார். அவர் ஊர்த்தெருக்காரர், நாங்கள் காலனி. இதை நாங்கள் கவனித்தோம். நாங்கள் கவனிப்பது தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்தார்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. முடித்தவள் கரையேறாமல் பக்கத்துப் பங்கில் கை வைப்பாள். யாரும் யாரிடமும் தயவு கேட்கவில்லை, எல்லோருக்கும் பசித்தது, அவ்வளவுதான். அடுத்த தங்கலுக்கு என்னை விட்டுவிட்டுப் போகிற பேச்சு எழவே இல்லை. என் உடம்பு தேறின பிறகு வேறொருத்தி காய்ச்சலோடு வந்தாள், இன்னொருத்திக்கு முழங்கால் வலி. கடைசி ஆள் மாறிக்கொண்டே இருந்தாள். முதல் தட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

இந்தச் சட்டத்தில் ஒரு தரம் பெரிய மனிதர் ஒருவரே மாட்டிக்கொண்டார். கவிதாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளையின் பெரியப்பா காரில் எங்கேயோ போய்விட்டு வருகிற வழியில் ரோட்டோரம் அண்ணன் வண்டியைப் பார்த்து இறங்கிவிட்டார். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டி, முகமெல்லாம் கரியாக, ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்த்து நான்தான் கடைசி. கொஞ்சம்தான் பாக்கி என்று மற்றவர்களைக் கரைக்கு அனுப்பிவிட்டு நட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் இருவரும் பேசியது எனக்குக் கேட்டது.

"என்ன சம்பந்தி, நீங்க அடுப்பூதுறீங்க? வேலையாளு யாரும் இல்லையா?"

"வேலை செய்யிறவங்க வயல்ல இருக்காங்க. நான் வேலையாளுக்கு வேலையாளு."

"அப்ப சம்பந்தி சமையல்காரருன்னு ஊருல சொல்லிக்கலாங்கிறீங்க."

"தாராளமாச் சொல்லுங்க. அப்படியே கையோட சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொன்னீங்கன்னா இன்னும் நல்லது. கொஞ்சம் பொறுங்க, எங்க அஞ்சலை கரையேறணும்."

ஒரு கல்யாணம் என் கையில் நிற்கிறதே என்று பதறி நட்டேன். வேட்டி கட்டிய பெரிய மனிதர் கால் மாற்றிக் கால் மாற்றி வரப்பில் நிற்கிறார். மூடின சட்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "ஏம்மா, சீக்கிரம் வாம்மா. ரசம் மணக்குது" என்று அவரே கூப்பிட்டுவிட்டார். கரையே சிரித்தது. நான் ஏறி என் தட்டை வாங்கிய பிறகு அவருக்கும் ஒரு தட்டு வந்தது. இரண்டு தரம் ரசம் வாங்கிக் குடித்தார். கல்யாணத்தன்று பந்தியில் எங்களைப் பார்த்ததும், "நடவு முடிஞ்சதா? எலை போடலாமா?" என்று சத்தமாகக் கேட்டார். அவருக்கு நல்ல மனசு.

அந்த மாப்பிள்ளை ஒரு நாள் போனில் அண்ணனுக்கு ஒரு வீடியோ காட்டினார். டவுன் பிள்ளைகள் மலைக்குப் போய்க் கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டுமாம். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். "அவங்க காசு குடுத்து நெருப்பு மூட்டுறாங்க. நாம காசு வாங்கிட்டு மூட்டுறோம். யாரு கெட்டிக்காரங்க?" என்றார். அப்புறம், "ஆனா பாரு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து திங்கிறாங்க. அதுக்குத்தான் அவ்வளவு தூரம் போறாங்கபோல" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது என் மனதில் கிடந்தது. போன வருஷம் குறுவை நடவின்போது, வரப்பில் கீரை பறித்துக்கொண்டே கேட்டேன். "அண்ணே, பாலைவனத்துல நெசமாவே அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

ஒரு கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டார். அப்புறம் சிரித்தார்.

"அங்க யாரு இருந்தா தங்கச்சி? நானும் ஆடுங்களுந்தான். மாசத்துக்கு ஒருவாட்டி தண்ணி லாரிக்காரன் வருவான். முதல்ல வர்றவனும் நான்தான், கடைசியா வர்றவனும் நான்தான். ரொட்டிய உடைச்சுக் கையில வச்சுக்கிட்டு, யாராச்சும் வர்றாங்களான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். ஆறிப்போயிடும். தனியாத் திங்கிற சோறு எறங்காது தங்கச்சி."

பறித்த கீரையை என் கையில் கொடுத்தார். "சரசுகிட்ட சொல்லிடாதே. சட்டத்தை மாத்திடுவா" என்றார்.

எல்லாவற்றிலும் அவர் தங்கம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்க மாட்டார் என்று அண்ணி சொல்வது உண்மைதான். துக்க வீட்டில் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் அண்ணி, "உங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்ட மனுசன் எனக்கு ஒரு நாளு காப்பி போட்டுக் குடுத்ததில்லையே" என்றுதான் அழுதார். எங்களுக்குத் தலை குனிந்துபோனது. அந்தக் குறையை நாங்கள் எப்படித் தீர்ப்பது?

பதினாறாம் நாள் படையலில் அண்ணன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, எல்லாம் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. சரசு என் காதில், "இன்னைக்குத்தாண்டி மனுசன் முதல்ல சாப்பிடுறாரு" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சுரண்டின சட்டியில் சாப்பிட்டே பழகியவர். அந்த முழு இலையைப் பார்த்து அவரே கூச்சப்பட்டிருப்பார்.

வயல் துக்கம் பார்க்காது. நாகூர்ப் பக்கத்து நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இனியும் தள்ளினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். வண்டியை மாப்பிள்ளை ஓட்டுவதாகச் சொன்னார். சமையலுக்கு யார் என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தோம். விடிகிற நேரம் ஆரன் அடித்தது. முன் சீட்டில் அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பன்னாடைச் சாக்கு. "அவரு எங்கதான் போயி ஆக்குனாருன்னு நானும் பாக்குறேன்" என்றார்.

எனக்குள்ளே ஒரு பயம் இருந்தது. இந்த வருஷம் எனக்கு இடுப்பு மறுபடியும் சரியில்லை. அவர் இல்லாத இடத்தில் அவர் சட்டம் எத்தனை நாளைக்கு நிற்கும்? பசித்தவர்கள் எத்தனை நாள் மூடின சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள்? அதையே நினைத்துக்கொண்டு நட்டேன். மத்தியானம் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டதும் எல்லோரும் கரையேறினார்கள். நான் மட்டும் பின்னால் கிடந்தேன். வெயில் முதுகில் இறங்கியது.

அண்ணிக்கு அந்த வழக்கம் தெரியாது. வீட்டுக்கு வந்தவர்களைப் பசியோடு நிறுத்தி அவருக்குப் பழக்கம் இல்லை. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியதும் திறந்தார். முதலில் கரையேறிய சரசுவின் கையில் முதல் தட்டை வைத்தார். சோறு கொஞ்சம் அடிப்பிடித்த வாசனை எனக்கு வயலுக்குள்ளேயே வந்தது. அண்ணன் சட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கையிலிருந்த நாற்றை ஊன்றினேன்.

"அண்ணி, இது முதல் தட்டு" என்றாள் சரசு. "இது என்னுது இல்ல."

"யாருதும்மா அப்ப?"

"இன்னும் ஆளு வரல."

"அவ வரட்டும், அவளுக்கும் இருக்கு. நீ தின்னு, ஆறிடும்."

"அதெல்லாம் ஆறாது அண்ணி. மூடுங்க."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்த தட்டைத் திருப்பித் தருகிறாளே, சோறு பிடிக்கவில்லையா என்று அவர் முகம் சுருங்கியதாம். பிறகு சரசுவே சொன்னாள். மாப்பிள்ளைதான் அண்ணி காதில் ஏதோ சொல்லியிருக்கிறார். அண்ணி சட்டியை மூடினார். அங்கே இங்கே பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த செங்கல்லைத் தூக்கி மூடி மேல் வைத்தார். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தண்ணீரில் தொபுக் தொபுக் என்று சத்தம் கேட்டது. ஒரு ஆள் சத்தம் இல்லை, பல பேர் சத்தம். என் தலைக்குப் பக்கத்தில் சரசுவின் கால் வந்து நின்றது. நாற்று முடியைப் பிரித்தாள்.

"உனக்காக இல்லடி" என்றாள்.

மீதியைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் குனிந்தபடியே நட்டோம்.

கரையேறியதும் அண்ணி அந்தத் தட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அடிப்பிடித்த சோறுதான். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அண்ணி தனக்கென்று சட்டியை வழிக்கப் போனார். சரசு அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிட்டு, தன் தட்டிலிருந்து பாதியை அள்ளி அவருக்கு வைத்தாள். "நாளையிலேருந்து மத்தியானக் காப்பி உங்களுக்கு நாங்க போடுறோம்" என்றாள். போட்டோம். அண்ணன் வைத்துவிட்டுப் போன பாக்கி அது.

அண்ணனுடைய செங்கல் நாலும் வண்டியில் இருக்கின்றன. ஜாக்கிக் கம்பி அண்ணியிடம் இருக்கிறது. அவருடைய பொருளாக என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியாக வருவதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை. எனக்கு முன்னால் வந்து சேர்ந்தவர்கள் எனக்காக உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்பி நடக்கத் தெரிகிறது. நான் முதலில் வந்துவிட்ட நாளில், பசிக்கிற வயிற்றோடு மூடின சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் வராத ஒருத்தி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் தெரிகிறது. அண்ணன் பாலைவனத்தில் அப்படித்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அங்கே யாரும் வரவில்லை. எங்கள் கரைக்கு எப்படியும் ஒருத்தி வந்துவிடுகிறாள்.